துணை நின்றவர் தலைமை ஏற்றால்

1999 மே 12. இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள பிளாக்பர்ன் நகரின் ஈவுட் பார்க் மைதானத்தில் பிளாக்பர்ன் ரோவர்ஸும் மான்செஸ்டர் யுனைடெட்டும் மோதிய ஆட்டம் கோல் ஏதும் விழாமல் சமனில் முடிந்தது. நான்கே ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த பிளாக்பர்ன், அந்த முடிவோடு பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. அதன் மேலாளர் பிரையன் கிட். எதிரணியின் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன். ஐந்து மாதங்களுக்கு முன்புவரை கிட் உட்கார்ந்திருந்தது ஃபெர்குசனுக்குப் பக்கத்து இருக்கையில்தான். 1991 முதல் 1998 வரை அவர் ஃபெர்குசனின் துணைவர். அந்தக் காலத்தில் யுனைடெட் நான்கு முறை லீக் பட்டம் வென்றது. கைதேர்ந்த பயிற்சியாளர் என்று அவர் பெயரெடுத்த பிறகுதான் பிளாக்பர்ன் அவரை அழைத்துத் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தது. ஈவுட் பார்க் ஆட்டம் முடிந்த இரண்டே வாரத்தில் யுனைடெட் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே சீசனில் கைப்பற்றியது. கிட் விட்டுவந்த இருக்கையில் அப்போது ஸ்டீவ் மெக்லாரன் இருந்தார். கிட்டை அதே ஆண்டு நவம்பரில் பிளாக்பர்ன் பதவி நீக்கியது.

நல்ல துணைவர் நல்ல தலைவராக மாட்டார் என்று வாதிடுபவர்கள் முதலில் எடுத்துப்போடுவது இந்தக் கதையைத்தான். ஆனால் அதே நாட்டில், அதற்குக் கால் நூற்றாண்டு முன், இதற்கு நேர்மாறான ஒன்று நடந்திருக்கிறது. 1974இல் பில் ஷாங்க்லி லிவர்பூலை விட்டு விலகியபோது, அவருடைய துணைவர் பாப் பைஸ்லி விருப்பமில்லாமலேயே பொறுப்பேற்றார். அடுத்த ஒன்பது சீசன்களில் 6 லீக் பட்டங்கள், 3 ஐரோப்பியக் கோப்பைகள். இங்கிலாந்துக் கிளப் கால்பந்தின் மகத்தான மேலாளர்களின் பட்டியலை யார் எழுதினாலும் அவர் பெயர் மேலேயே இருக்கும். இரண்டு கதைகளில் எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம். துணைப் பதவியில் ஒருவர் பெற்ற வெற்றியை வைத்து, அவர் தலைமைக்குத் தகுதியானவர் என்றும் சொல்ல முடியாது, தகுதியற்றவர் என்றும் சொல்ல முடியாது. இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஒருவர் தேறுவாரா என்பது வேறு மூன்று விஷயங்களைப் பொறுத்தது: எப்படிப்பட்ட கிளப்புக்குள் நுழைகிறார், அதற்குமுன் சொந்தப் பொறுப்பில் எதையாவது நடத்திப் பார்த்திருக்கிறாரா, தடுமாறும்போது அவரை எவ்வளவு காலம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்ப்போம். துணைப் பயிற்சியாளரின் உலகம் பயிற்சி மைதானம். பந்தை இழந்த நொடியே எதிராளியை எப்படி நெருக்குவது, கார்னர் கிக் வரும்போது யார் எங்கே நிற்பது என்று நாள்தோறும் சொல்லிச் சொல்லிப் பழக்குபவர் அவர். அணியில் இடம் கிடைக்காத இளைஞன் முதலில் வந்து புலம்புவதும் அவரிடம்தான். அவன் தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்ல அவரால் முடியும். ஏனென்றால் அவனை வெளியே உட்காரவைத்தவர் அவர் இல்லை. மேலாளரின் வேலையோ அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இருபத்தைந்து பேரில் பதினோரு பெயர்களை எழுதிவிட்டு மற்றவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது யாரை இறக்குவது, யாரை வெளியே அழைப்பது என்று சில விநாடிகளில் முடிவெடுக்க வேண்டும். தோற்ற இரவில் பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கிளப் உரிமையாளரிடம் பணம் கேட்க வேண்டும், ஆட்டக்காரர்களின் ஏஜென்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டும். யோசனை சொன்னவருக்கு அது பலிக்காவிட்டால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. ஏற்றுக்கொண்டவருக்கு வேலையே போய்விடும். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

இந்த வேறுபாட்டை ஃபெர்குசனே தன் அனுபவத்தில் கற்றார். ஸ்காட்லாந்தின் அபர்டீன் கிளப்பில் இருந்த காலத்தில் பயிற்சி முழுவதையும் அவரே நடத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய துணைவர், அப்படியானால் என்னை எதற்கு இங்கே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டுவிட்டார். பயிற்சியைத் தன்னிடம் விட்டுவிட்டு நின்று கவனிக்கும்படி சொன்னார். பிடி நழுவிவிடுமோ என்ற தயக்கத்தோடுதான் ஃபெர்குசன் ஒப்புக்கொண்டார். ஓரமாக நின்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான், ஓர் ஆட்டக்காரரின் பழக்கம் மாறியிருப்பதும், உற்சாகம் திடீரென்று வடிந்திருப்பதும் கண்ணில் பட்டன என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதிலிருந்து துணைவர்களுக்குக் கிடைக்கும் பாடம் கசப்பானது. பயிற்சி நடத்துவதில் வல்லவர் என்று பெயரெடுத்து மேலே வருகிறவர், மேலே வந்ததும் அந்த வல்லமையையே இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. பலருக்கு அது முடிவதில்லை.

அப்படியானால் பைஸ்லிக்கு எப்படி முடிந்தது? அவர் 1939இல் ஆட்டக்காரராக லிவர்பூலுக்கு வந்தவர். 1954இல் ஆடுவதை நிறுத்தியபின்னும் அங்கேயே இருந்து, காயங்களைக் கவனித்து, இரண்டாம் நிலை அணியைப் பயிற்றுவித்து, ஷாங்க்லியின் துணைவரானார். ஆன்ஃபீல்டு மைதானத்தில் அப்போது பூட்ஸ்களை வைக்கும் ஒரு சிறிய அறை இருந்தது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர்கள் அங்கே கூடி, கவிழ்த்துப்போட்ட பெட்டிகளில் உட்கார்ந்து, யார் எப்படி ஆடினார்கள், அடுத்து என்ன செய்வது என்று பேசுவார்கள். 'பூட் ரூம்' என்று புகழ்பெற்ற அந்த அறைதான் கிளப்பின் உண்மையான மூளை. ஷாங்க்லி போனபோது அந்த மூளை அப்படியே அங்கு இருந்தது. இருந்தும் தொடக்கம் எளிதாக இல்லை. ஓய்வுபெற்ற ஷாங்க்லி பழக்கத்தை விட முடியாமல் மெல்வுட் பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தார். ஆட்டக்காரர்கள் அவரைத்தான் இன்னும் 'பாஸ்' என்று அழைத்தார்கள். பைஸ்லியின் முதல் சீசனில் ஒரு பெரிய கோப்பைகூட வரவில்லை. பொறுத்த கிளப்புக்குப் பலன் அடுத்த ஆண்டே கிடைத்தது. 1983இல் அவர் விலகியபோது, அதே அறையிலிருந்து 62 வயது ஜோ ஃபேகன் எழுந்துவந்து, முதல் சீசனிலேயே லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் வென்றார்.

இதே முறையை ஒரு நாடே கடைப்பிடித்தது. ஜெர்மனியின் தேசிய அணியில் ஒட்டோ நெர்ட்ஸின் துணைவராக இருந்த செப் ஹெர்பெர்கர் 1936இல் தலைமைக்கு வந்தார். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனிக்கு 1954 உலகக் கோப்பையை வென்று கொடுத்தார். ஹெர்பெர்கரின் துணைவர் ஹெல்முட் ஷோன் அவருக்குப் பின் வந்து 1974இல் உலகக் கோப்பை வென்றார். ஷோனின் துணைவர் யுப் டெர்வால் 1980இல் நாடுகளுக்கிடையிலான ஐரோப்பியக் கோப்பை வென்றார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு இப்படி ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் இருந்து கற்றுக்கொண்டு பொறுப்பேற்றார்கள். 1984இல் பெக்கன்பவர் வந்தபோது அந்த வரிசை அறுந்தது. பிறகு பெக்கன்பவரின் துணைவர் பெர்ட்டி ஃபோக்ட்ஸ் 1996இல் ஐரோப்பியக் கோப்பையையும், கிளின்ஸ்மனின் துணைவர் யோவாக்கிம் லோவ் 2014இல் உலகக் கோப்பையையும் வென்றார்கள். துணைவர் தலைவராக முடியாது என்பது பொதுவிதியாக இருந்தால், ஜெர்மனியின் கோப்பை அலமாரியில் பாதி காலியாக இருந்திருக்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இவர்களெல்லாம் அப்பன் கட்டிய வீட்டில் குடியேறியவர்கள்தானே? அணி ஏற்கெனவே வலுவாக இருந்தது, நிர்வாகம் சீராக இருந்தது. யார் உட்கார்ந்திருந்தாலும் வென்றிருப்பார்கள் அல்லவா? இதில் பாதி உண்மை இருக்கிறது. வாரிசுச் சொத்து முதல் ஓரிரண்டு ஆண்டுகளுக்கு உதவும். செல்சியில் அந்த்ரே வில்லாஸ்-போவாஸின் துணைவராக இருந்த ராபர்ட்டோ டி மத்தியோ 2012 மார்ச்சில் பொறுப்பேற்று, இரண்டரை மாதத்துக்குள் எஃப்.ஏ. கோப்பையையும் சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றார். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் அவரைக் கிளப் வெளியேற்றியது. பைஸ்லி ஒன்பது ஆண்டுகளில் வென்றதையோ வாரிசுச் சொத்து என்று சொல்லிவிட முடியாது. ஷாங்க்லி முன்வரிசை ஆட்டக்காரராக வாங்கிய ரே கென்னடியை இடப்பக்க நடுக்களத்துக்கு மாற்றியது பைஸ்லியின் கண். 1977இல் கெவின் கீகன் ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புக்குப் போனபோது, அந்த இடத்துக்குக் கென்னி டால்கிளிஷைக் கொண்டுவந்ததும் அவர்தான். சொத்து தானாக வளராது என்பதற்கு லிவர்பூலிலேயே இன்னொரு சான்று உண்டு. அதே பூட் ரூமில் வளர்ந்த ராய் எவன்ஸ் 1994இல் பொறுப்பேற்றார். 1995இல் ஒரு லீக் கோப்பை கிடைத்தது. லீக் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. வீடு அதேதான், ஆனால் சுற்றிலும் கால்பந்து மாறிவிட்டிருந்தது.

வீட்டை விட்டு வெளியே போனவர்களின் நிலை என்ன? ஃபெர்குசனின் பள்ளியிலிருந்து தொடங்குவோம். அவருடைய பயிற்சிக் குழுவில் இருந்த ரெனே மியூலன்ஸ்டீன், ஃபெர்குசன் ஓய்வுபெற்ற ஆண்டே ஃபுல்ஹாமில் தலைமைக்கு வந்தார்; மூன்று மாதம்கூட நீடிக்கவில்லை. பின்னாளில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்து 2018 தொடக்கத்தில், சீசன் முடியுமுன்னே விலகியவரும் அவர்தான். அதே குழுவின் மைக் ஃபீலன் ஹல் சிட்டியில் 2017 ஜனவரியில் பதவி இழந்தார். யூர்கன் கிளாப்பின் துணைவராக லிவர்பூலில் பெரும் மதிப்போடு இருந்த பெப் லைண்டர்ஸ், 2018இல் நெதர்லாந்தின் என்.இ.சி. நைமேகனை மேல் டிவிஷனுக்கு ஏற்ற முடியாமல் திரும்பினார். 2024இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் பாதி சீசனிலேயே நீக்கப்பட்டார். இங்கிலாந்து அணியில் கேரத் சவுத்கேட்டின் வலக்கையாக இருந்த ஸ்டீவ் ஹாலண்ட், 2025இல் ஜப்பானின் யோக்கஹாமா மரினோஸில் சில மாதங்களே தாக்குப்பிடித்தார். இவர்கள் யாரும் திறமை இல்லாதவர்கள் அல்லர். ஆனால் எல்லோரும் தெரியாத வீட்டுக்குள், பெரும்பாலும் அது தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில், தலைமையில் அதிகம் பழகாத கையோடு போனார்கள். கிட் போனபோதும் பிளாக்பர்ன் பட்டியலின் அடியில்தான் கிடந்தது. நன்றாக ஓடும் வண்டிக்கு யாரும் நடுவழியில் புது ஓட்டுநரைத் தேடுவதில்லை. தலைமை தேடி அலையும் துணைவருக்குக் கிடைப்பது அனேகமாக நின்றுபோன வண்டிதான்.

சிலர் பிறவியிலேயே இரண்டாமவர்கள், அது சுபாவம் என்று சொல்பவர்கள் உண்டு. பீட்டர் டெய்லரை அதற்கு எடுத்துக்காட்டுவார்கள். பிரையன் கிளஃப்பும் டெய்லரும் சேர்ந்து 1972இல் டெர்பி கவுன்டியையும், 1978இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டையும் லீக் சாம்பியனாக்கினார்கள்; ஃபாரஸ்ட் 1979, 1980 இரு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஆட்டக்காரரைக் கண்டுபிடிப்பதில் டெய்லரின் கண்ணுக்கு நிகரில்லை. 1982இல் அவர் தனியாக டெர்பியின் மேலாளரானார். 1984இல் அவர் விலகிய சீசனில் டெர்பி இரண்டாம் டிவிஷனிலிருந்தும் கீழே போனது. சுபாவக் கோட்பாட்டுக்கு இது வலுவான சான்றுதான். ஆனால் அதே இணையின் முதலாமவர் கிளஃப், டெய்லர் இல்லாமல் 1974இல் லீட்ஸுக்குப் போனபோது 44 நாட்களில் வெளியே வந்தார். அவர் பிறவித் தலைவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லையே? சுபாவம் முழுக் கதையையும் சொல்வதில்லை என்பதற்கு இது போதும்.

இதைவிட வலுவான பதிலை மெக்லாரனின் வாழ்க்கை தருகிறது. ஃபெர்குசனின் துணைவராக மூன்று கோப்பை சீசனில் பங்கேற்ற அவர், 2001இல் மிடில்ஸ்பரோவுக்குப் போனார். 2004இல் லீக் கோப்பை வென்றார். அந்தக் கிளப்பின் வரலாற்றில் முதல் பெரிய கோப்பை அது. 2006இல் இங்கிலாந்து அணியின் தலைமை கிடைத்தது. 2007 நவம்பரில் வெம்ப்ளியில் கொட்டும் மழையில் குரோஷியாவிடம் 3-2 என்று தோற்று, ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெறாமல் போனபோது, குடை பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்ற அவருடைய படம் நாடெங்கும் கேலிப்பொருளானது. மூன்றே ஆண்டுகளில், 2010இல், நெதர்லாந்தின் ட்வென்டே கிளப்புக்கு அதன் முதல் எரெடிவிசி லீக் பட்டத்தை அவர் வென்று கொடுத்தார். ஒரே மனிதர், இரண்டு இடங்களில் வரலாறு படைத்தார், நடுவில் ஓரிடத்தில் தலைகுனிந்தார். ஸ்காட்லாந்தின் வால்டர் ஸ்மித்தும் அப்படித்தான். ரேஞ்சர்ஸில் கிரேம் சூனெஸின் துணைவராக இருந்து 1991இல் மேலாளரானவர், இரண்டு தவணைகளில் 10 லீக் பட்டங்கள் வென்றார். அவற்றுக்கு இடையில் எவர்டனில் கழித்த நான்கு ஆண்டுகளில் ஒரு கோப்பைகூட இல்லை. சுபாவம் காரணம் என்றால் ஒரே சுபாவத்துக்கு இரண்டு விளைவுகள் வரக்கூடாது.

வெளியே போய் வென்றவர்களைப் பார்த்தால், பெரும்பாலோர் முதலில் சிறிய இடத்தில் கைப்பழக்கம் பெற்றிருக்கிறார்கள். ஜோசே மொரீனியோ சொல்லிக்கொள்ளும்படியான ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி, பார்சிலோனாவில் அவருக்கும் பிறகு லூயி வான் காலுக்கும் துணை நின்றார். 2000இல் பென்ஃபிகாவில் கிடைத்த முதல் தலைமை சில வாரங்களில் முடிந்தது. பிறகு யூனியாவோ டெ லெய்ரியா என்ற சிறு கிளப்பை நடத்திக் காட்டியபின்தான் 2002இல் போர்ட்டோ அழைத்தது. 2004இல் சாம்பியன்ஸ் லீக் வந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சிக் குழுவிலிருந்து கீரன் மெக்கென்னா 2021 டிசம்பரில் இறங்கிப்போனது மூன்றாம் நிலை லீக்கில் கிடந்த இப்ஸ்விச்சுக்கு. அடுத்தடுத்த இரண்டு சீசன்களில் அந்த அணி இரண்டு படி ஏறிப் பிரீமியர் லீக்குக்கு வந்தது. பார்மாவில் ஒருமுறை அடிபட்ட என்ஸோ மரெஸ்கா, பெப் கார்டியோலாவின் துணைவராக இருந்து, லெஸ்டரை இரண்டாம் டிவிஷன் சாம்பியனாக்கியபின் செல்சிக்கு வந்தார். 2025இல் கிளப் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பாரிஸ் அணியை 3-0 என்று வீழ்த்தினார். இவர்கள் தங்கள் முதல் தவறுகளை உலகம் முழுக்க உற்றுப்பார்க்காத இடத்தில் செய்து முடித்தார்கள்.

நேராகப் பெரிய கிளப்பில் குதித்துத் தேறியவர் மிகெல் ஆர்டெட்டா. அவர் கதையில் மூன்றாவது நிபந்தனையான பொறுமை எவ்வளவு முக்கியம் என்பது தெரிகிறது. மூன்றரை ஆண்டுகள் கார்டியோலாவின் பக்கத்தில் இருந்தவர், 2019 டிசம்பரில் தான் முன்பு ஆடிய ஆர்சனலுக்கே வந்தார். 2020 ஆகஸ்டில் செல்சியை வென்று எஃப்.ஏ. கோப்பை எடுத்தார், அந்த ஆட்டத்தில் ஆர்சனலின் இரண்டு கோல்களும் கேப்டன் ஒபமெயாங் அடித்தவை. ஒழுங்கை மீறினார் என்று பதினாறு மாதம் கழித்து அதே ஒபமெயாங்கிடமிருந்து கேப்டன் பதவியைப் பறித்தார்; சில வாரங்களில் அவர் கிளப்பை விட்டே போனார். தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்லும் துணைவர், தனக்குக் கோப்பை வாங்கித் தந்தவரையே வெளியே அனுப்பும் தலைவராக மாறிய இடம் அது. அதற்கிடையில் அணி அடுத்தடுத்து இரண்டு சீசன் 8ஆம் இடத்தில் முடிந்தது. 2021-22 சீசனின் முதல் மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றுப் பட்டியலின் அடியில் நின்றது. வேறு கிளப்பாக இருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். ஆர்சனல் பொறுத்தது. பிறகு தொடர்ந்து மூன்று சீசன்களில் 2ஆம் இடம். லீக் பட்டம் அந்த மூன்றிலும் நழுவியது உண்மைதான். ஆனால் எட்டிலிருந்து இரண்டுக்கு அணியைத் தூக்கியவரைத் தோற்ற துணைவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வாதத்துக்கு மிகக் கடுமையான சோதனை ஹன்ஸி ஃபிளிக். லோவின் துணைவராக 2014 உலகக் கோப்பையில் பங்கு பெற்ற அவர், பயேர்ன் மியூனிக்கில் 2019 நவம்பரில் நிக்கோ கோவாச் விலகியதும் துணை இருக்கையிலிருந்து எழுந்து பொறுப்பேற்றார். பார்சிலோனாவை 8-2 என்று நொறுக்கி, அந்த சீசனிலேயே மூன்று பெரிய கோப்பைகளையும் வென்றார். ஆனால் 2021இல் தன் பழைய வீடான தேசிய அணிக்கே திரும்பியபோது தோற்றார். 2022 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு ஜெர்மனி வெளியேறியது. மறு ஆண்டு ஜப்பானிடம் 4-1 என்று தோற்றதும் பதவி போனது. பிறகு தனக்கு முற்றிலும் புதிய பார்சிலோனாவுக்குப் போய், 2024-25இல் லா லிகாவையும் ஸ்பெயினின் அரசர் கோப்பையையும் வென்றார். தெரிந்த வீட்டில் தோல்வி, தெரியாத வீட்டில் வெற்றி என்றால் நான் சொல்லிவந்தது பொய்யாகிவிடாதா? கூர்ந்து பார்த்தால் இல்லை. 2014இல் அவர் விட்டுப்போன அணியின் ஆட்டக்காரர்களில் ஒரு சிலரே 2021இல் மிச்சம். பெயர்ப்பலகை மாறாத வீட்டில் குடியிருப்பவர்கள் மாறிவிட்டிருந்தார்கள். தேசிய அணியில் நாள்தோறும் பயிற்சி நடத்தவும் முடியாது. பார்சிலோனாவுக்குப் போகும்போதோ அவர் துணைவராகப் போகவில்லை. உச்சத்தையும் வீழ்ச்சியையும் தலைவராகவே பார்த்துவிட்ட ஒருவராகப் போனார்.

மூன்று நிபந்தனைகளில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டு ஈடுகட்டலாம் என்பதை அர்ஜென்டினா காட்டியது. 2018 உலகக் கோப்பையில் அன்றைய மேலாளர் சம்பாவோலியின் குழுவில் துணைவராக இருந்த லியோனல் ஸ்கலோனி, எந்த முதல்நிலைக் கிளப்பையும் தலைமையேற்று நடத்தியதே இல்லை. இடைக்காலப் பொறுப்பாக வந்தவரை அந்நாட்டுச் சங்கம் நீடிக்க வைத்தது. 2022இல் கத்தாரில் முதல் ஆட்டத்திலேயே சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றபோது, அடுத்த இரண்டு ஆட்டங்களுக்குள் மக் அலிஸ்டர், என்ஸோ பெர்னாண்டஸ், யூலியன் அல்வாரெஸ் என்ற மூன்று இளைஞர்களைத் தொடக்கப் பதினொருவருக்குள் கொண்டுவந்தார். அந்தப் பெயர்களை எழுதிய கை நடுங்கியிருந்தால் கோப்பை கிடைத்திருக்காது. நம் நாட்டிலும் இதற்கு ஒரு முகம் உண்டு. ஐசாலை 2017இல் ஐ-லீக் சாம்பியனாக்கிய காலித் ஜமீல், பின்னர் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் துணைப் பயிற்சியாளராக இருந்தார். 2021 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டதும் இடைக்காலப் பொறுப்பேற்று அணியை அரையிறுதிவரை கொண்டுபோனார். ஐ.எஸ்.எல். கிளப் ஒன்றில் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர் அவர்தான். 2025இல் இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது.

கடைசியாக ஒரு கணக்கு. தோற்ற துணைவர்களின் பெயர்களை அடுக்கும்போது நாம் மறப்பது, மேலாளர்களில் பெரும்பாலோர் எப்படி வந்தாலும் கடைசியில் நீக்கப்படுகிறவர்களே என்பதை. புகழ்பெற்ற ஆட்டக்காரராக இருந்து வந்தவர்களிலும் தோற்றவர்கள் ஏராளம். மறுபக்கம், வென்றவர்களின் தொடக்கத்தை யாரும் நினைவில் வைப்பதில்லை. ஐந்து முறை சாம்பியன்ஸ் லீக் வென்ற கார்லோ ஆன்செலோட்டி, 1994 உலகக் கோப்பையில் இத்தாலியின் அரிகோ சாக்கிக்குத் துணை நின்றவர். 2025இல் லிவர்பூலுக்கு லீக் பட்டம் தந்த ஆர்னே ஸ்லாட், ஏ.இசட். ஆல்க்மாரில் துணைப் பயிற்சியாளராக இருந்து தலைமைக்கு வந்தவர். துணைவர் ஒருவர் வென்றுவிட்டால் அவரைத் துணைவராக இருந்தவர் என்று யாரும் அழைப்பதில்லை. தோற்றால் மட்டும் அந்த அடைமொழி ஒட்டிக்கொள்கிறது. நம் கணக்குப்புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுதப்படுவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே கிளப் நிர்வாகிகளும் ரசிகர்களும் கேட்க வேண்டிய கேள்வி மாற வேண்டும். பெரிய மேலாளரின் பக்கத்தில் இவர் எத்தனை கோப்பைகளைப் பார்த்தார் என்று கேட்டுப் பயனில்லை. தானே எழுதிய பதினோரு பெயர்களுக்காக என்றைக்காவது தோற்றிருக்கிறாரா, தோற்ற மறுநாள் என்ன செய்தார் என்று கேளுங்கள். அவர் வருகிற வீட்டில் அவருக்குத் தெரிந்த முகங்கள் எத்தனை, தடுமாறினால் எத்தனை மாதம் பொறுப்போம் என்பதை நிர்வாகம் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் நியமித்துவிட்டு, ஐந்து மாதம் கழித்து அவரைக் குறைசொல்வது நியாயமில்லை. பிளாக்பர்னில் தோற்ற பிரையன் கிட், பின்னர் மான்செஸ்டர் சிட்டியில் மான்சினி, பெல்லெக்ரினி, கார்டியோலா மூவருக்கும் துணைவராக இருந்தார். 2021இல் அவர் விடைபெற்றபோது, அவர் இருந்த காலத்தில் அந்தக் கிளப் வென்ற பிரீமியர் லீக் பட்டங்கள் ஐந்து.